மைதீன் பாய் ஓட்டாமல் விட்ட ரீல்

படம் பார்த்துவிட்டு வந்து எழுதுவதெல்லாம் ஓர் உத்தியோகமா என்று என் மாமனார் கடைசி வரை கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது நீங்கள் அதே நாற்காலிக்கு வந்திருக்கிறீர்கள். உங்கள் மாமனார்களும் கேட்பார்கள். என்னிடம் பதில் ஏதாவது இருக்குமோ என்று வந்து நிற்காதீர்கள். ஓய்வு பெற்று இத்தனை வருஷமாகியும் எனக்கு அது அகப்படவில்லை.

விமர்சனம் எப்படி எழுதுவது என்று நான் பாடம் நடத்தப் போவதில்லை. அதற்குப் புத்தகங்கள் இருக்கின்றன. உங்களில் பாதிப்பேர் அவற்றைப் படித்துவிட்டுத்தான் வந்திருப்பீர்கள். நான் சொல்லப் போவது எனக்கே இன்னும் விளங்காத ஒரு விவகாரம். நான் எழுதியதிலேயே நல்லது என்று பலர் சொன்ன விமர்சனம் ஒன்று உண்டு. அது சரியா தப்பா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. உங்களுக்காவது விளங்குகிறதா பாருங்கள்.

ஜப்பான்காரன் மலாயாவைப் பிடிக்க வருவதற்குச் சில வருஷங்கள் முன்பு நடந்தது. சென்னையில் எடுத்த பேசும் படங்கள் கப்பலில் பினாங்குக்கு வந்து, அங்கிருந்து ரயிலில் கோலாலம்பூருக்கு வரும். அங்கே பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட கொட்டகை ஒன்று இருந்தது. ஒரே மிஷின்தான். ஒரு ரீல் முடிந்ததும் விளக்கைப் போடுவார்கள். அடுத்த ரீலை மாட்டுவதற்குள் கச்சான் கடலை விற்கிறவர் இரண்டு வரிசை சுற்றி வந்துவிடுவார். படம் என்றால் இப்படித் துண்டு துண்டாகத்தான் இருக்கும் என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

அந்தக் கொட்டகைக்கு ஒரு நாவலைப் படமாக்கி அனுப்பியிருந்தார்கள். அதுவரை வந்தவை எல்லாம் புராணம், இல்லாவிட்டால் ராஜா கதை. தாலுகா கச்சேரிக் குமாஸ்தா ஒருவன் சட்டை போட்டுக்கொண்டு வருகிற படம் எங்களுக்குப் புதிது. நாவலை நான் மாதப் பத்திரிகையில் தொடராக வந்தபோதே படித்திருந்தேன். அந்தப் பெருமை எனக்கு மண்டை கொள்ளாமல் இருந்தது.

கதை சின்னது. சதாசிவம் என்கிற குமாஸ்தா மனைவியோடு ரயிலில் போகிறான். நடுவில் ஒரு ஜங்ஷனில் இறங்குகிறார்கள். தண்ணீர் பிடித்துக்கொண்டு வருகிறேன் என்று செம்பை எடுத்துக்கொண்டு போகிறவன் திரும்பி வரவில்லை. அவள் அந்த ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கிறாள். வருஷங்கள் ஓடுகின்றன. ஒரு நாள் அவள் வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். அவள் ஒன்றும் கேட்காமல் ஒரு செம்புத் தண்ணீர் கொடுக்கிறாள். அவ்வளவுதான்.

ஏன் போனான் என்பதற்கு நாவலில் தனி அத்தியாயமே உண்டு. வைத்தியர் காசநோய் என்று சொல்லியிருக்கிறார். மனைவிக்குத் தொற்றிவிடக் கூடாது என்று விலகிப் போகிறான். ஆற்றங்கரையில் பழைய நண்பன் ஒருவனிடம் இதைச் சொல்லி, அவளிடம் சொல்லாதே என்று சத்தியம் வாங்கிக்கொள்கிறான். பக்கம் பக்கமாகப் பேசுவான். படிக்கும்போதே எனக்குக் கொட்டாவி வந்தது.

சதாசிவமாக நடித்தவரின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. எங்கள் ஆபீசில் அவரைக் குரல்காரர் என்போம், நீங்களும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். நாடகத்திலிருந்து சினிமாவுக்குப் போனவர். மலாயாவில் அவர் குரலுக்கு மயங்காத தமிழன் இல்லை. எனக்கு மட்டும் அந்தக் குரல்மீது ஒரு வழக்கு இருந்தது. அவர் வாயை மூடும்போதுதான் நடிக்கிறார் என்பது என் கட்சி.

காரணம் இல்லாமல் சொல்லவில்லை. அவருடைய நாடகக் கம்பெனி பக்கத்து ஊரான கிள்ளானுக்கு வந்தபோது கள்ளபார்ட் வேஷத்தில் பார்த்தேன். காடு அதிரப் பாடிக்கொண்டு வருகிற திருடன். ஒரு குடிசையில் ஒரு பெண் இலையில் சோறு வைத்ததும் பாட்டை நிறுத்திவிட்டுச் சாப்பிடுவான். முதல் கவளத்தில் பசி தெரியும். இரண்டாவது கவளத்தில் இவளிடமா திருட வந்தோம் என்கிற வெட்கம் தெரியும். ஒன்ஸ்மோர் கேட்கிற கூட்டம் அன்றைக்கு அந்த இடத்தில் மூச்சு விடவில்லை. பிறகு பேசும் படத்தில் பக்தராக வந்து படம் முழுக்கப் பாடினார். கூட்டம் கும்பிட்டது, நான் தூங்கினேன். அடுத்து, தொண்டை போன ஓதுவாராக ஒரு படம். கோயிலில் வேறொருவர் பாடுவதைத் தூணில் சாய்ந்து கேட்பார். அவர் உதடு மட்டும் அசையும். அந்த உதட்டுக்காக அந்தப் படத்துக்கு நான்கு முறை போனேன். அவர் பாட முடியாத படத்துக்குப் பணம் கொடுத்தவனும் உண்டா என்று கேட்டார்கள். படம் படுத்துவிட்டது.

இப்படி ஒரு கட்சியோடுதான் சதாசிவத்தைப் பார்க்கப் போனேன். வழக்கமாகச் சனிக்கிழமை சாயங்காலக் காட்சிக்குப் போகிறவன். அந்த வாரம் மனைவிக்குக் காய்ச்சல், ஞாயிற்றுக்கிழமை மாட்டினி, அதாவது பகல் காட்சிக்குப் போனேன். எங்கள் அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கிற ரத்தினம் இரண்டு வரிசை முன்னால் அவனுடைய அக்காவோடு உட்கார்ந்திருந்தான். மழை பிடித்துக்கொண்டது. கரண்ட் போய், வந்து, மறுபடி போய், படம் தொடங்கவே வெகுநேரம் ஆகிவிட்டது.

படம் என்னை அடித்துப் போட்டுவிட்டது. குரல்காரர் செம்பை எடுத்துக்கொண்டு நடக்கிறார், ஒரு முறை இருமுகிறார், கூட்டத்தில் மறைகிறார். விளக்கு எரிந்து அணைந்து அடுத்த ரீல் தொடங்கினால் அவள் தலை நரைத்திருக்கிறாள். ஏன் போனான், ஒரு வார்த்தை இல்லை. ஆறும் இல்லை, நண்பனும் இல்லை. கடைசியில் வாசலில் வந்து நிற்கிறார். அந்தப் பெரிய குரலை வைத்திருக்கிற மனிதர் ஒன்றும் பேசாமல் தண்ணீரை வாங்கிக் குடிக்கிறார். 

இரவே உட்கார்ந்து எழுதினேன். நாவலைப் படமாக்குகிறவர்கள் எதைச் சேர்க்கலாம் என்றுதான் பார்ப்பார்கள், எதை விட வேண்டும் என்று தெரிந்த மகான் ஒருவர் இப்போது வந்துவிட்டார் என்று தொடங்கினேன். நாவலாசிரியர் இருபது பக்கத்தில் கெடுத்ததைப் படம் ஒரு இருமலில் சரிசெய்துவிட்டது என்றேன். குரல்காரரின் வேஷங்களை வரிசைப்படுத்தினேன். கள்ளபார்ட் மூன்றாவது, ஓதுவார் இரண்டாவது, வாயே திறக்காத இந்தச் சதாசிவம்தான் முதலாவது. காரணம் சொல்லாமல் போகிறவனை இப்படித்தான் நடிக்க வேண்டும், ஏனென்றால் போகிறவர்கள் காரணம் சொல்லிவிட்டுப் போவதில்லை என்று முடித்தேன். அந்தக் கடைசி வரி எனக்கே பிடித்திருந்தது. செவ்வாய்க்கிழமை பத்திரிகையில் வந்தது.

புதன்கிழமை காலையில் ரத்தினம் ஆபீசுக்கு ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தான். முகம் பூரித்திருந்தது.

"அண்ணே, எங்க அக்கா சரின்னு சொல்லிட்டாங்க."

இதை நான் கொஞ்சம் விளக்க வேண்டும். ரத்தினத்தின் அக்கா பூங்காவனம் கிள்ளானில் அன்னாசி டின் அடைக்கிற தொழிற்சாலையில் தோல் சீவுகிற வேலை பார்த்தார். புருஷன் பந்திங் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை கிடைத்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனவர், வரவே இல்லை. பந்திங்கில் போய்க் கேட்டால் அப்படி ஒரு ஆள் இங்கே வரவில்லை என்றார்கள். சுமாத்திராவுக்குப் போய்விட்டான் என்று ஒருவர் சொன்னார், ஊருக்குக் கப்பல் ஏறியதைப் பார்த்தேன் என்று இன்னொருவர் சொன்னார். வருஷங்கள் போய்விட்டன. இப்போது ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன் வேலை பார்க்கிற ஒருவர், மனைவியை இழந்தவர், நல்ல மனிதர், பூங்காவனத்தைக் கட்டிக்கொள்ளக் கேட்டிருந்தார். அவர்கள் பக்கத்தில் அறுத்துக் கட்டும் வழக்கம் உண்டு. கோயிலில் பெரியவர்கள் முன்னால் பழைய தாலியைக் கழற்றி வைக்க வேண்டும். அதற்கு முன் பெரியவர் கேட்பார், உன் புருஷன் எதனால் போனான் என்று. பூங்காவனம் ஏற்கெனவே ஒரு முறை அந்தக் கேள்வியில் தடுக்கிப் பேசாமல் எழுந்து வந்துவிட்டார். காரணம் தெரியாமல் எப்படிக் கழற்றுவது என்று அதற்கப்புறம் பிடிவாதமாக இருந்தார்.

"எப்படி மனசு மாறினாங்க?" என்று ரத்தினத்தைக் கேட்டேன்.

"படம் பாத்துதான்ணே. நேத்து நீங்க எழுதினதையும் நான் போய்ப் படிச்சுக் காட்டினேன். போறவங்க காரணம் சொல்லிட்டுப் போறதில்லன்னு எழுதினீங்களே, அந்த வரிய ரெண்டு தரம் படிக்கச் சொன்னாங்க. ஞாயித்துக்கிழமை கோயில்ல வச்சிருக்கு. நீங்க வரணும்."

என் காலம் முழுக்க எழுதி யாருக்கும் ஒரு பிரயோஜனம் ஆனதில்லை. அன்றைக்கு ஒரு பெண்ணுக்கு விடிந்திருக்கிறது என்று நினைத்தபோது சந்தோஷம் தாங்கவில்லை. இரண்டு பழம் சாப்பிட்டேன். மூன்றாவதை உரிக்கும்போது ஆசிரியர் கூப்பிட்டார்.

எங்கள் ஆசிரியர் ஒல்லியான மனிதர். கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிடுவார், அப்புறம் எதிரே இருக்கிறவரைத் தெரியாமல் சுவரைப் பார்த்துத் திட்டுவார். அன்றைக்குக் கண்ணாடி கழன்றுதான் இருந்தது.

"ஏம்ப்பா, ஆத்தங்கரைப் பாட்ட ஊரே பாடுது. அந்த ஆள் வாயே திறக்கலன்னு எழுதியிருக்க. காலையிலேர்ந்து மூணு பேர் வந்து கேட்டுட்டுப் போயிட்டான், உங்க ஆள் கொட்டகைக்குப் போனாரா, கள்ளுக்கடைக்குப் போனாரான்னு."

"எந்தப் பாட்டு ஐயா? ஆறே வரலையே."

"வரலையா? சனிக்கிழமை நான் பாத்தேனே. என் சம்சாரம் அந்தப் பாட்டுக்கு அழுதது இன்னும் நிக்கல."

"அப்படின்னா என் கட்டுரையை எப்படி ஐயா அச்சுக்கு விட்டீங்க?"

ஆசிரியர் சுவரைப் பார்த்தார். "நீ ஏதோ ஆழமா எழுதியிருக்கேன்னு நெனச்சேன். பாடினாலும் மௌனம்தான்னு ஏதோ வேதாந்தம் சொல்றியோன்னு விட்டுட்டேன்" என்றார்.

 ஞாயிற்றுக்கிழமை நான் பார்த்தது என்ன? தூங்கியிருப்பேனோ? பக்தர் படத்தில் தூங்கியவன்தானே. நேராகக் கொட்டகைக்கு ஓடினேன். மிஷின் ஓட்டுகிற மைதீன் பாய் வாசலில் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். நாகூர்ப் பக்கத்துக்காரர். எதற்கும் அலட்டிக்கொள்ளாதவர்.

"ஆத்தங்கரை ரீலா? அது ஞாயித்துக்கிழமை ஓட்டலயே தம்பி."

"ஓட்டலையா? ஏன்?"

"மழையில படம் லேட்டாயிருச்சு. மாட்டினிக்கு வர்ற ஜனத்துல பாதி கிள்ளான் ரயில் லைன்காரங்க. பத்து தீகா, பாடாங் ஜாவா, கிள்ளான், போர்ட் சுவெட்டன்ஹாம். சாயங்கால ரயிலப் புடிக்கணும்லா. லேட்டான அன்னிக்கு ஒரு ரீலத் தூக்கி ஓரமா வச்சிருவேன். எப்பவும் அப்படித்தான்."

"அந்த ரீலைத்தான் விடணும்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"யாரு சொல்லணும்? கடைசி ரீல விட்டா அடிக்க வருவாங்க. ஸ்டேஷன் ரீல விட்டா கதையே இல்ல. இதுல ரெண்டு பேரு நின்னு பேசுறான், அப்புறம் பாடுறான். பாட்டு போனா ஜனம் பாட்டுப் புத்தகத்த வச்சுப் பாடிக்கும். ரயில் போனா நடந்தா போவும்?"

எதை விட வேண்டும் என்று தெரிந்த மகான் என் முன்னால் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். கொட்டகையில் விற்கிற பாட்டுப் புத்தகத்தைப் புரட்டியிருந்தாலே எனக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அதை வாங்குவது விமர்சகனுக்கு அழகில்லை என்று ஒரு கொள்கை வைத்திருந்தேன். சிரிக்காதீர்கள். உங்களுக்கும் இப்படி ஏதாவது ஒரு கொள்கை இருக்கும்.

அன்று சாயங்காலமே முழுப்படத்தையும் பார்த்தேன். அந்த ரீல் மட்டமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், மட்டமாக இருந்தால் என் கட்டுரை தப்பித்துவிடும். பேச்சு நீளம்தான். நண்பன் அநியாயத்துக்குக் கண்ணைக் கசக்கினான். பிறகு குரல்காரர் பாடினார். எந்த மேடையிலும் ஒரு சுருதி பிசகாத மனிதர், மேல்ஸ்தாயிக்குப் போகிற இடத்தில் குரலை உடைய விட்டார். நோய் பிடித்த நெஞ்சு அவ்வளவுதான் தாங்கும் என்பது போல அங்கேயே விட்டுவிட்டார், சரிசெய்யவில்லை. அந்தக் குரலுக்காக ஊர் அவரைக் கொண்டாடுகிறது, அதையே இந்த வேஷத்துக்குக் கொடுத்துவிட்டார். நான் அழுதேன். அழுதுகொண்டே என்மீது எரிச்சல்பட்டேன். வாயை மூடினால்தான் நடிக்கிறார் என்ற கட்சி எங்கே போயிற்று? அந்த ரீல் இருந்தால் அவர் நடிப்பு ஒரு படி மேலே போகிறது. ஆனால் கடைசிக் காட்சியின் மௌனம் ஒரு படி கீழே இறங்குகிறது, ஏனென்றால் இப்போது நமக்குக் காரணம் தெரியும், அவனை மன்னித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறோம். எது நல்ல படம்? எது அவருடைய நல்ல வேஷம்? ஒன்றும் பிடிபடாமல் வீட்டுக்கு நடந்தேன். பாதி வழியில்தான் பூங்காவனத்தின் ஞாபகம் வந்தது, அப்படியே நின்றுவிட்டேன்.

அந்தப் பெண் காரணமில்லாமல் போகிற ஒருவனைப் பார்த்துத்தான் மனதைத் தேற்றிக்கொண்டிருக்கிறார். உண்மையில் படத்தில் காரணம் இருக்கிறது. அதுவும் தெய்வம் போன்ற காரணம். அது தெரிந்தால் என் புருஷனும் அப்படித்தான் போயிருப்பாரோ என்று மறுபடி தாலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட மாட்டாரா? சனிக்கிழமை படம் கிள்ளான் கொட்டகைக்குப் போகிறது. ஞாயிற்றுக்கிழமை கோயில்.

வியாழக்கிழமை ஆசிரியர் திருத்தம் போட்டே ஆக வேண்டும் என்றார். படம் கிள்ளானுக்குப் போவதற்குள் போடாவிட்டால் கிள்ளானில் ஒருவன் பத்திரிகை வாங்க மாட்டான் என்றார். நியாயம்தான். சதாசிவம் போனதன் காரணம் படத்தில் விளக்கமாகச் சொல்லப்படுகிறது, அந்தப் பாட்டு அருமை என்று நாலு வரி எழுதிக் கோர்ப்பதற்கு அனுப்பினேன். சிறிது நேரத்தில் ரத்தினம் அந்தத் தாளோடு என் மேஜைக்கு வந்தான். கையில் அச்சு மை.

"இத நான் கோக்க மாட்டேன்ணே."

"ரத்தினம், நடந்தது இதுதான்" என்று மைதீன் பாய் கதையைச் சொன்னேன். கேட்கக் கேட்க அவன் முகம் மாறியது.

"ஞாயித்துக்கிழமை முடியட்டும். திங்கக்கிழமை போடுங்க. உங்க கால்ல வேணா விழறேன். அக்காவுக்கு இது தெரிஞ்சா எல்லாம் போச்சு."

உள்ளேயிருந்து ஆசிரியர் திருத்தம் ரெடியா என்று குரல் கொடுத்தார். நான் வேறு கோர்ப்பவரைக் கூப்பிட்டுக் கொடுத்திருக்கலாம். தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு திங்கள் வரை காய்ச்சல் என்று படுத்திருக்கலாம். இரண்டுக்கும் மனம் வரவில்லை. மறைத்து நடக்கிற கல்யாணம் என்றைக்காவது ஒரு பாட்டைக் கேட்டதும் இடிந்து விழும். சொல்லாமல் அச்சடித்தால் பூங்காவனம் அதை யார் வாயிலாவது கேட்டுக்கொள்வார், அது அதைவிடக் கொடுமை. இதில் எது சரி என்று எனக்குத் தெரிந்திருந்தது என்று நினைக்காதீர்கள். ஆசிரியரிடம் போய், நாளைக் காலை வரை இடம் விட்டு வையுங்கள் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். பூங்காவனத்திடம் நேரிலேயே சொல்லிவிடலாம் என்று, நான் திட்டு முடிவதற்குள் ரத்தினத்தை இழுத்துக்கொண்டு கிள்ளான் ரயிலுக்குப் போனேன்.

ரயிலில் அவன், என் அக்காவின் வாழ்க்கையை உன் கட்டுரைக்குப் பலி கொடுக்கப் போகிறாயா என்பதுபோல் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான்.

தொழிற்சாலை விடுகிற நேரம். பெண்கள் கூட்டமாக வெளியே வந்தார்கள், வாசல் முழுக்க அன்னாசி வாசனை. பூங்காவனம் எங்களைப் பார்த்ததும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அன்னாசிச் சாறு பட்டு விரலெல்லாம் வெடித்திருந்தது.

"என்னாடா, அண்ணனையும் கூட்டிட்டு வந்திருக்க? யாருக்காச்சும் ஒடம்புக்கு முடியலையா?"

 நான்தான் சொன்னேன். நம்முடைய சொந்தக்காரர் இறந்த செய்தியைச் சொல்வதுபோல மெல்ல மெல்ல, மழையிலிருந்து தொடங்கி, ரயில், மைதீன் பாய், ஓரமாக வைத்த ரீல் என்று சொல்லிக்கொண்டே போனேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"தெரியும்ணே" என்றார்.

"என்ன தெரியும்?"

"ஞாயித்துக்கிழமை லேட்டானா ஒரு ரீலு இருக்காதுன்னு கிள்ளான்காரங்க எல்லாருக்கும் தெரியும்லா. கோலாலம்பூர்க்காரங்க உங்களுக்குத்தான் தெரியாது. ரயில் ஏறினதும் சனிக்கிழமை பாத்தவங்க யாராச்சும் விட்டுப்போனதச் சொல்லிடுவாங்க. அன்னைக்கு பாடாங் ஜாவா அக்கா ஒருத்தவங்க பாட்டோட சொன்னாங்க. வண்டியில இருந்த பொம்பளைங்க எல்லாரும் அழுதாங்க, இப்படி ஒரு தங்கமான மனுசனான்னு."

ரத்தினம் திகைத்துப்போய் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன்.

"அப்ப காரணம் தெரிஞ்சுதான் சரின்னு சொன்னீங்களா?" என்று கேட்டேன்.

"ஆமா. நான் அந்த அக்காகிட்ட ஒண்ணுதான் கேட்டேன். இத அந்தப் பொண்ணுகிட்ட யாராச்சும் கடைசியில சொன்னாங்களான்னு. இல்லன்னாங்க. ஆத்துகிட்ட சொன்னானாம், கூட்டாளிகிட்ட சொன்னானாம், டிக்கட்டு வாங்கின நமக்கெல்லாம் சொன்னானாம். அவளுக்குச் சொல்லல. அப்ப அவளுக்கும் அந்த ரீலு ஓடலதானே?"

 பெண்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"எங்க ஊட்டுக்காரரு நல்ல மனசோட போனாரா, கெட்ட மனசோட போனாரான்னு இத்தன வருசம் ரோசன பண்ணிட்டேன். நல்லவராவே இருக்கட்டும். இவன் ரெண்டு தரம் படிச்சானே, உங்க வரி, அது எனக்குப் புடிச்சுது. ஆனா அதனால இல்லண்ணே. நீங்க ஒண்ணும் மனசப் போட்டுக் கொழப்பிக்காதீங்க" என்றார்.

குழப்பிக்கொள்ளாதீர்கள் என்று சொன்னால் தீர்கிற குழப்பமா இது? என் கட்டுரையால் ஒரு பெண்ணுக்கு விடிந்தது என்று இரண்டு பழம் தின்கிற நேரம் மிதந்தேன். அப்புறம் என் கட்டுரையால் ஒரு பெண்ணின் வாழ்வு கெடப் போகிறது என்று ஒரு நாள் முழுக்கச் செத்தேன். இரண்டும் இல்லை. விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம்தான், ஆனால் நான் விழவே இல்லை என்பது அதைவிட அவமானமாக இருந்தது. கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது, அதை ஒளிக்கவில்லை.

திரும்புகிற ரயிலில் பழைய திருத்தத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன். ஞாயிறு மாட்டினியில் ஒரு ரீல் ஓட்டப்படவில்லை, விமர்சகர் பார்த்தது அந்த மாட்டினியைத்தான், முழுப்படத்தில் ஆற்றங்கரைப் பாட்டு உண்டு, அதில் நடிகர் பெரிய வேலை செய்திருக்கிறார், படம் எது என்பதை வாசகர்கள் பார்த்து முடிவு செய்துகொள்ளலாம் என்று எழுதினேன். ரத்தினம் மறுபேச்சில்லாமல் கோர்த்தான். இது திருத்தமா, இல்லை கைகழுவுதலா என்று ஆசிரியர் கேட்டார். தெரியவில்லை ஐயா என்றேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ நாவல்கள் படமாயின, எத்தனையோ நடிகர்களை எழுதினேன். குரல்காரரின் சிறந்த வேஷம் எது என்று யாராவது கேட்டால் ஒரு நாள் பாடிய சதாசிவம் என்பேன், இன்னொரு நாள் பாடாத சதாசிவம் என்பேன். இரண்டும் ஒரே மனிதர், ஒரே படம், இடையில் ரீல் வைக்கிற ஒரு தகர டப்பா. நீங்கள் எழுதும்போது எந்தக் கொட்டகை, எந்தக் காட்சி என்பதையும் ஒரு வரி எழுதிவிடுங்கள். மிஷின் ஓட்டுகிறவரோடு சிநேகமாக இருங்கள். இதற்குமேல் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கிள்ளான் கோயிலுக்குப் போனேன். பாயிண்ட்ஸ்மேன் வெளுத்த சட்டையோடு ஓரமாக நின்றுகொண்டிருந்தார். முந்தின நாள்தான் கிள்ளானில் படம் போட்டிருந்தார்கள். கூட்டத்தில் பாதிப்பேர் கண் சிவந்திருந்தார்கள். பூங்காவனம் பெரியவர்கள் முன்னால் உட்கார்ந்தார். மூத்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்.

"ஒம் புருசன் எதனால போனான், தாயி?"

"அது அவருக்குத் தெரியும் ஐயா. போனது எனக்குத் தெரியும்."

பெரியவர் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தட்டை முன்னால் நகர்த்தி வைத்தார். பூங்காவனம் வெடித்த விரல்களால் கழுத்துக்குப் பின்னால் முடிச்சைத் தேடினார். வெகுநாள் முடிச்சு, இறுகியிருந்தது. ரத்தினம் உதவிக்கு எழுந்தான். வேண்டாம் என்று தலையை அசைத்துவிட்டு, அவரே நிதானமாக அவிழ்த்துத் தட்டில் வைத்தார்.